வியர்வையோடு போகும் உப்பு

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்திருந்த கோடைக் காலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறோம். காய்ந்த பிறகு முதுகுப் பக்கத்தைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறது. துவைக்கிற பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். அது உப்பு. காலையில் நம் ரத்தத்தில் இருந்த உப்பு, மாலையில் நம் சட்டையில் இருக்கிறது. இன்று நாம் பேசப் போவது அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றித்தான்.

பிற்பகல் இரண்டு மணி ஆகிறது. கட்டு சுமக்கிறவனுக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது. ரிங் பிரேம் பக்கம் நிற்கிறவனுக்கு வயிற்றுச் சதை பிடித்துக் கொள்கிறது. தலை கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது, சோறு இறங்கவில்லை. உட்கார்ந்துவிடுகிறான். மேஸ்திரி என்ன சொல்லுகிறார்? "சோம்பேறி" என்கிறார். "நேற்று ராத்திரி போட்ட சரக்கு வேலை செய்கிறது" என்கிறார். சில சமயம் நம்மிலேயே சிலர் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். தோழர்களே, சிரிக்க வேண்டிய விஷயமல்ல இது. அந்த இழுப்புக்கு என்ன காரணம் என்று விஞ்ஞானம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டு சொல்லிவிட்டது. அது நமக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

வியர்வை எதற்காக?

உழைக்கிற உடம்பு எரிகிற அடுப்பு மாதிரி. சாப்பிட்ட சோறு உள்ளே எரிந்துதான் நமக்குத் தெம்பு கிடைக்கிறது. அதில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை. மீதியெல்லாம் சூடாகத்தான் மிஞ்சுகிறது. இந்தச் சூடு வெளியே போயாக வேண்டும். ரத்தம் அதைத் தோலுக்குச் சுமந்து வருகிறது. வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் காற்றோடு கொஞ்சம் போகும். வெளிக்காற்றே தோலைவிடச் சூடாக இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அப்புறம் உடம்புக்கு ஒரே வழிதான் பாக்கி. அதுதான் வியர்வை.

ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது எவ்வளவு சூட்டை எடுத்துப் போகிறது தெரியுமா? ஐஸ் மாதிரிக் குளிர்ந்த ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு! இவ்வளவு பெரிய வேலையை ஓசையில்லாமல் செய்கிறது நம் தோல்.

ஆனால் அந்த வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் உடம்பு குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக மறுக்கிறது. நூல் மில்லில் காற்று உலர்ந்து போனால் நூல் அறுபடும். ஆகவே அங்கே காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். நூலுக்கு நல்லதான அந்த ஈரம் ஆளுக்குக் கெடுதலாக முடிகிறது. சைசிங் பகுதியில் நீராவி வேறு. நடவு வயலில் மேலே வெயில், கீழே தண்ணீரிலிருந்து எழும் புழுக்கம்.

ஜே. எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1905லேயே இதை அளந்து சொன்னார். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி அளக்க வேண்டும். அந்த அளவு 31 டிகிரியைத் தாண்டிவிட்டால், காற்றோட்டம் இல்லாத இடத்தில், சட்டையில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் உடம்புச் சூடு ஏறத் தொடங்கும் என்றார். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கே அப்படி என்றால், மூட்டை தூக்குகிறவன் கதி என்ன? ஆகவே "இன்றைக்கு எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்டால் போதாது. "காற்றில் ஈரம் எவ்வளவு? காற்று ஓடுகிறதா?" என்றும் கேட்க வேண்டும்.

சுரங்கத்தில் கண்ட உண்மை

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே பெண்டில்டன் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். உள்ளேயிருக்கும் காற்று உடம்புச் சூட்டை எட்டும். அங்கே நிலக்கரி வெட்டிய தொழிலாளருக்குக் கையும் காலும் வயிறும் முறுக்கிப் பிடித்துக் கொண்டன. நோஞ்சான்களுக்கு மட்டும் வந்த வியாதியல்ல இது. நன்றாக உழைக்கிற கட்டுமஸ்தான ஆட்களுக்கே வந்தது. கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களுக்கும் இதே இழுப்பு உண்டு. அந்த வேலையை வெள்ளைக்காரன் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகளும் செய்தார்கள்.

1920களில் மாஸ் என்ற பேராசிரியர், ஹால்டேனோடு சேர்ந்து இந்தச் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தார். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார். ஒரு ஷிப்டில் 8 கிலோவுக்கு மேல் வியர்வை சிந்தியவர்கள் இருந்தார்கள். 8 கிலோ என்றால் ஒரு பெரிய குடம் தண்ணீர்! தாகம் தாங்காமல் அவர்கள் தண்ணீர் குடித்துக் கொண்டேதான் இருந்தார்கள். தண்ணீர் குடித்தும் ஏன் இழுக்கிறது? இதுதான் புதிர்.

இழுப்பு வந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது விடை கிடைத்தது. அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உடம்பில் உப்பு குறைந்து போனதால், சிறுநீரகம் ஒரு துளியைக் கூட வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. வியர்வையில் தண்ணீரும் போகிறது, உப்பும் போகிறது. குடிக்கும்போது தண்ணீர் மட்டும் திரும்பி வருகிறது; உப்பு திரும்பவில்லை. குழம்பில் தண்ணீர் ஊற்றிக் கொண்டே போனால் சப்பென்று ஆகிவிடுவது போல, ரத்தம் நீர்த்துப் போகிறது. சதை அதனால்தான் முறுக்கிக் கொள்கிறது. குடிதண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். இழுப்பு நின்றது.

இந்த ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனை நம் தோழர்கள் பலர் அறிவார்கள். சிறுவனாக இருந்தபோதே தகப்பனாரோடு சுரங்கத்துக்குள் இறங்கியவர். பின்னாளில் லண்டன் "டெய்லி ஒர்க்கர்" பத்திரிகையில் தொழிலாளருக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1957ல் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, 1964ல் புவனேஸ்வரத்தில் காலமானார். விஞ்ஞானம் தொழிலாளியின் காதுக்கு எட்ட வேண்டும் என்று நினைத்த மனிதர்.

உப்பு குறைந்தால் மனிதன் என்ன ஆகிறான்?

1930களில் லண்டனில் மெக்கான்ஸ் என்ற டாக்டர் இதைத் தம் உடம்பிலும் சில தொண்டர்களின் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார். உப்பே சேர்க்காத சாப்பாடு. தினமும் சூட்டில் படுத்து வியர்வை சிந்துவது. சில நாட்களில் என்ன ஆயிற்று? சாப்பாட்டில் ருசி போயிற்று. பசி போயிற்று. சதை இழுத்தது. மூச்சு வாங்கியது. சிறு வேலைக்கும் அலுப்பு. யோசனையே மந்தமாயிற்று. பிறகு உப்பைச் சேர்த்துச் சாப்பிட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பினார்கள்.

தோழர்களே, கவனியுங்கள். படித்த டாக்டர்கள்! சுமை தூக்காதவர்கள்! உப்பு குறைந்ததும் அவர்களுக்கே அலுப்பு, மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை. இதைத்தானே மேஸ்திரி நம்மைப் பார்த்துச் "சோம்பேறித்தனம்" என்கிறார்? இனிமேல் அந்த வார்த்தை வரும்போது நாம் பதில் சொல்ல வேண்டும்: "அய்யா, இது சோம்பல் இல்லை. உடம்பில் உப்பும் தண்ணீரும் தீர்ந்து போச்சு."

கணக்கும் போட்டுப் பார்ப்போம். கடும் வெயிலில் கடும் வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் முதல் நான்கு கிராம் வரை உப்பு இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஆறு கிராமிலிருந்து இருபது கிராமுக்கு மேல் கூடப் போகலாம்.

அணை கட்டிய இடத்தில்

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டத் தொடங்கியது 1931ல். பொருளாதார நெருக்கடிக் காலம். வேலையில்லாத ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாலைவனத்துக்கு ஓடி வந்தார்கள். பகல் வெயில் 48 டிகிரி வரை ஏறியது. அந்த ஒரு கோடையில் பத்துப் பேருக்கு மேல் வெயில் தாக்கியே செத்தார்கள். ஆகஸ்டில் சுரங்க வழி வெட்டியவர்களில் ஒரு பகுதியினரின் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? குடிக்கக் குளிர்ந்த தண்ணீர்! வேலைநிறுத்தம் தோற்றது. கூலி உயரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு குடிநீர், குடியிருப்பு வசதிகளைச் சீர்செய்தார்கள்.

மறு வருஷம் 1932ல் ஹார்வர்டு சர்வகலாசாலையிலிருந்து விஞ்ஞானிகள் வந்து அந்தத் தொழிலாளரின் ரத்தத்தையும் வியர்வையையும் சோதித்தார்கள். சுரங்கத்தில் கண்ட அதே உண்மைதான் இங்கேயும். சாப்பாட்டில் உப்பைத் தாராளமாகச் சேர்த்துக் கொள்ளச் சொன்னார்கள். விஞ்ஞானி வருவதற்கு முன்பே தண்ணீருக்காகக் குரல் கொடுத்தவன் தொழிலாளி. இதை நாம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பழகிய உடம்பும் பழகாத உடம்பும்

புது ஆளுக்கும் பழைய ஆளுக்கும் வியர்வையில் வித்தியாசம் உண்டு. வெயிலில் தொடர்ந்து ஒன்று இரண்டு வாரம் வேலை செய்தால் உடம்பு கற்றுக் கொள்கிறது. வியர்வை சீக்கிரம் வருகிறது, அதிகமாக வருகிறது. ஆனால் அதில் உப்பு குறைந்துவிடுகிறது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி ஒரு ரசத்தைச் சுரந்து, "உப்பை விடாதே, பிடித்து வை" என்று உத்தரவு போடுகிறது.

ஆகவே அதிக ஆபத்து யாருக்கு? முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கு. காய்ச்சலில் கிடந்து திரும்பி வந்தவனுக்கு. மாதக் கணக்கில் வேலையில்லாமல் இருந்து, அறுவடைக்கு வெயிலில் இறங்குகிற விவசாயத் தொழிலாளிக்கு. கற்றுக் கொண்டதை உடம்பு சில வாரங்களில் மறந்துவிடும். திறந்த வெளியில் வெயிலால் நேரும் வேலை மரணங்களில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே நேருகின்றன என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையே சொல்லுகிறது. புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலையே வெயிலில் கொடு, நாளுக்கு நாள் கூட்டு என்பது அந்நாட்டு நிபுணர் கூறும் முறை. நம் ஊரில் என்ன நடக்கிறது? புது ஆளைத்தான் அதிகம் விரட்டுகிறார்கள்.

உப்பு மாத்திரை என்ற மலிவான மருந்து

விஞ்ஞானம் உண்மையைச் சொன்னதும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? அமெரிக்க இரும்பு ஆலைகளிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உப்பு மாத்திரைப் பெட்டியை மாட்டினார்கள். உப்பைவிட மலிவான சரக்கு உலகத்தில் உண்டா? காற்றோட்டம் வைக்கப் பணம் வேண்டும். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரைக்குக் காசே ஆகாது. "மாத்திரையைப் போட்டுக் கொள், மெஷினுக்குப் போ" என்றார்கள்.

பின்னால் வந்த ஆராய்ச்சி அந்த மாத்திரையை ஒதுக்கிவிட்டது. வெறும் உப்பு மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், குமட்டும், தண்ணீரையும் வயிற்றுப் பக்கம் இழுத்துவிடும். வேளா வேளைக்குச் சாப்பிடுகிறவனுக்குச் சாப்பாட்டு உப்பே பெரும்பாலும் போதும் என்று டாக்டர்கள் இன்று சொல்லுகிறார்கள். ரத்த அழுத்தமோ, இருதய நோயோ, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டவே கூடாது. வேலையில்லாத நாளில் நமக்கும் உப்பு குறைவாக இருப்பதே நல்லது; நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

உப்பு நமக்கு வேண்டும். ஆனால் நிழலுக்கும் காற்றுக்கும் ஓய்வுக்கும் பதிலாக யாராவது உப்பை நீட்டினால், நாம் ஏமாந்து போகக் கூடாது.

சிறுநீரகம் படும் பாடு

இழுப்பு வந்தால் மறுநாள் போய்விடும். மறுநாள் போகாத கேடு ஒன்றும் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர், சர்க்கரை வியாதியோ ரத்த அழுத்தமோ இல்லாமலே, இள வயதில் சிறுநீரகம் கெட்டுச் சாகிறார்கள். 2002ல் எல் சால்வடார் டாக்டர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். முழுக் காரணம் பற்றி ஆராய்ச்சி நடந்து கொண்டிருக்கிறது. ஆனால் வெயிலில் தண்ணீர் வற்ற வற்றக் கடுமையாக உழைப்பது பெருங்காரணம் என்பதில் பலர் ஒத்துப் போகிறார்கள். அங்கே கூலி, வெட்டிய கரும்பின் எடைக்கு. நின்று தண்ணீர் குடித்தால் கூலி குறையும். ஆகவே நிற்பதில்லை.

நம் தமிழ்நாட்டு உப்பளங்களைப் பற்றியும் 2023ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்தது. ஊருக்கு உப்பு வாரிக் கொடுக்கிறவன் உடம்பில் உப்பும் நீரும் வற்றுகிற கொடுமையைப் பாருங்கள்!

தாய்மார்கள் விஷயத்தை இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வயலிலும் உப்பளத்திலும் கட்டட வேலையிலும் பெண்கள் தாகத்தை அடக்குகிறார்கள். ஏன்? தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை. மில்லிலோ கக்கூசுக்குப் போக சூபர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டும். தண்ணீரும் குறைவு, சிறுநீரை அடக்குவதும் கூட. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் இப்படித்தான் வருகின்றன. கழிப்பிடம் கேட்பது வெட்கப்பட வேண்டிய கோரிக்கை அல்ல.

நாம் செய்ய வேண்டியது

நம் கஞ்சிக் கலயத்தில் இருப்பது சாமானியமான பொருளல்ல. பழைய சோறும் உப்புப் போட்ட நீராகாரமும், கூழும், உப்புக் கலந்த மோரும் தண்ணீரையும் உப்பையும் ஒருசேரக் கொடுக்கின்றன. கூடவே கடித்துக் கொள்கிற ஊறுகாயும் கருவாடும் உப்புத்தான். காப்பியைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் இறங்க வேண்டாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஒரேயடியாகக் குடித்தால் ரத்தம் நீர்த்துவிடும். "வேர்த்து வந்தவுடன் தண்ணீர் குடிக்காதே" என்ற பழைய பேச்சைத் தள்ளிவிடுங்கள். மணிக்கணக்காக வியர்வை கொட்டுகிற நாளில், சாப்பாடும் சரியாக இல்லையென்றால், லிட்டருக்கு இரண்டு மூன்று சிட்டிகை உப்பு போதும். நாக்குக்கு லேசாகத் தெரிந்தால் சரி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டி அளந்து கலந்து கொடுங்கள். சிறுநீர் கருமஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

இழுப்பு வந்தவனை நிழலில் உட்கார வைத்து, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ கொடுங்கள். ஒருவன் உளறுகிறான், தள்ளாடுகிறான், நினைவு தப்புகிறான், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. ஒவ்வொரு நிமிஷமும் உயிர்தான். வியர்வை வந்து கொண்டிருந்தாலும் ஏமாறக் கூடாது. நிழலுக்குத் தூக்குங்கள், துணியைத் தளர்த்துங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், 108க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

இதுவரை சொன்னது நாமே செய்து கொள்ளக் கூடியது. மற்றவை கேட்டுப் பெற வேண்டியவை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று விதித்தது. காற்றோட்டமும், தாங்கக் கூடிய வெப்பமும் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? அந்தச் சட்டமும் ஆலைச் சுவரோடு நின்றது, வயலுக்கு வரவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் வயல் வேலையில் வெயிலுக்குப் பலர் செத்த பிறகு, 2005ல் விதி செய்தார்கள். ஆளுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஒதுங்க நிழல், இளைப்பாற நேரம். வயலுக்கும் விதி செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் ராஜ்யத்தில் 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். செத்தவன் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். நல்லது. சாகாமல் காக்கிற தண்ணீருக்கும் நிழலுக்கும் அதைவிட மிகக் குறைந்த செலவுதான் ஆகும். அதையும் கேட்போம்.

கைக்கெட்டும் தூரத்தில் குளிர்ந்த நல்ல தண்ணீர். கூலி பிடிக்காத ஓய்வு. வயலிலும் களத்து மேட்டிலும் நிழல் பந்தல். பெண்களுக்குக் கழிப்பிடம். கோடையில் விடியற்காலையிலேயே தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடிகிற வேலை நேரம். புது ஆளுக்கும் நோயிலிருந்து எழுந்தவனுக்கும் படிப்படியாக வேலை. மில்லில் ஈரத் துணித் தெர்மாமீட்டரை மாட்டி, அளவை எல்லோரும் பார்க்க எழுதி வைத்தல். இவற்றில் ஒன்றாவது பேராசை என்று சொல்ல முடியுமா?

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் காயப் போடும்போது அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தோழருக்கும் காட்டுங்கள். நாளைக் காலையில் கலயத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு எடுத்துக் கொண்டு வாருங்கள். வேலைத் தளத்துக்கு வந்ததும், தண்ணீர்ப் பானை எங்கே வைத்திருக்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து கேட்போம்.